போர்த்தாத பொன்னாடை

பெட்ரோல் விலை கொஞ்சம் இறங்கியதும் அமைச்சருக்குத் தடபுடலாகப் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை போர்த்த ஆட்டோக்காரர் மாசானத்தை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

"விலையைக் குறைச்சது யாருன்னு மைக்குல சத்தமாச் சொல்லுய்யா," என்றார் அமைச்சர்.

மாசானம் பணிவாகக் கேட்டார். "போன மாசம் ஏறினப்ப, எல்லாம் வெளிநாட்டுச் சந்தை, என் கையில ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே ஐயா. அப்ப இந்தப் பொன்னாடையை எந்த நாட்டுக்கு அனுப்பட்டும்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுவாரமே விலை ஏறியது. சந்தை ஏற்றியதா, அமைச்சர் ஏற்றினாரா, யாருக்கும் தெரியவில்லை. அன்று கூட்டத்தில் சிரித்த ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களே மாசானத்தை முறைத்தார்கள்.

பெட்ரோல் தீர்ந்த ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போகையில் அவருக்கும் தோன்றியது, பேசாமல் போர்த்தித் தொலைத்திருக்கலாமோ என்று.