மூக்கில் வைக்கும் பாரம்

"என்னால இதை மூட முடியலை, மாஸ்டர்."

சிங்காரவேலு மேஜைமேல் இரண்டு துண்டுகளை வைத்தார். ஒரு போர் விமானத்தின் இடது பாதி, வலது பாதி. பிளாஸ்டிக். சேர்த்து வைத்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடவே வரும்.

ஜெனோவா நிமிரவில்லை. யாருடைய பல்செட்டையோ அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பல்செட் செய்வது அவள் தொழில். தாம்பரத்தில் ஒரு மாடியறை. சனிக்கிழமைகளில் அதே அறையில் பிளாஸ்டிக் விமானம் கட்டச் சொல்லிக்கொடுப்பாள். டீ போடுகிறவரும் மாஸ்டர், துணி தைக்கிறவரும் மாஸ்டர் என்கிற ஊரில், விமானம் கட்டும் ஒரு நாற்பது வயதுப் பெண்ணை மாஸ்டர் என்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

சிங்காரவேலுவுக்கு எழுபது வயது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நிஜ விமானத்தைப் பிரித்துப் பூட்டியவர், பொம்மை விமானத்தோடு பதினோரு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பசை வச்சா மூடிக்கும்," என்றாள் ஜெனோவா.

"பசையை எடுக்கறேன். உள்ள எதையோ விட்டுட்டமோன்னு தோணுது. திறந்து பாக்கறேன். ஒண்ணும் இல்ல. மூடறேன். மறுபடி தோணுது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். துண்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

உள்ளே எல்லாம் இருந்தது. விமானி உட்காரும் இருக்கை, அதற்கு நூல்பெல்ட், எஞ்சின், குழாய்கள். வாங்கிய பெட்டியில் வராத வயர்களைக்கூட டெலிபோன் கேபிளிலிருந்து உருவிப் போட்டிருந்தார். மூடிய பிறகு இதில் பாதி யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தேதான் செய்திருந்தார்.

"நிறுத்திக் காட்டுங்க."

அவர் டேப் ஒட்டி இரண்டு பாதியையும் சேர்த்தார். இறக்கைகளையும் சக்கரங்களையும் டேப்பிலேயே பொருத்தினார். மேஜையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

விமானம் மெல்லப் பின்னால் சாய்ந்து வாலைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டது.

பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. இருவரும் சிரிக்கவில்லை.

ஜெட் விமானம் கட்டுகிறவர்கள் முதல் தடவை செய்கிற தப்பு இது. மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் பாரம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இப்படித்தான் உட்காரும். மூடிய பிறகு வைக்க வழி கிடையாது.

"குறிப்புத்தாள்ல மூணாம் பக்கம்," என்றாள் ஜெனோவா.

"படிச்சேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை."

"பின்ன?"

சிங்காரவேலு விமானத்தின் வாலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூடப்போற விமானத்துக்குள்ள ஒரு உலோகத்துண்டை வைங்கன்னு போட்டிருக்கு. என் கையால அது ஆகலை, மாஸ்டர்."

ஜெனோவா கையிலிருந்த தூசியைத் துடைத்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. வடக்கே ஒரு தளத்துல இருந்தேன். ரகோத்தமன்னு ஒரு விமானி. இருபத்தாறு வயசு. தினம் ஏறும்போது கேப்பாரு, 'சிங்காரம், எல்லாம் மூடியாச்சா?'ன்னு. 'மூடியாச்சு சார்'னு சொல்லுவேன். அன்னிக்கும் சொன்னேன். நான்தான் பெல்ட் போட்டு விட்டேன்."

"ம்."

"எங்க பட்டறையில ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு கருவியும் மாட்டற இடத்துல அதோட உருவத்தை வரைஞ்சிருப்பாங்க. எது குறைஞ்சாலும் பளிச்சுனு தெரியும். அவர் மேல போன பிறகு பாத்தேன். சின்ன ஸ்பேனர் ஒண்ணு இல்ல. வெறும் வரைபடம்தான் இருக்கு."

ஜெனோவா தண்ணீரை நகர்த்தி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"அவர் திரும்பி வரலை. எல்லாரும் வெளியில நின்னு வானத்தைப் பாத்துட்டிருந்தாங்க. நான் ஓடிப்போய் என் சைக்கிள் பையில இருந்த ஸ்பேனரை எடுத்து அந்த இடத்துல மாட்டினேன். மாஸ்டர், எல்லாரும் வானத்தைப் பாத்துட்டிருந்தாங்க. நான் பலகையைப் பாத்துட்டிருந்தேன்."

"விசாரணை?"

"பறவை மோதிடுச்சுன்னு எழுதினாங்க. பலகையையும் வந்து பாத்தாங்க. சரியா இருக்குன்னாங்க."

"பறவைதானோ என்னவோ."

"இருக்கலாம். ஸ்பேனர் எங்கேயாவது புல்லுல விழுந்து கிடந்திருக்கலாம். விமானத்துக்குள்ள போய் சிக்கியும் இருக்கலாம். நான் கொன்னேனா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் வராது. நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கும் தெரியாது, ஐயா."

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஜெனோவா ஆறுதல் சொல்லி யாரும் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"யாருக்கு இந்த விமானம்?" என்று கேட்டாள்.

"அவர் பொண்ணுக்கு. நிருபமா. அவர் போனப்ப வயித்துல இருந்த குழந்தை. போன வருஷம் எப்படியோ என் விலாசம் கண்டுபிடிச்சுக் கடுதாசி போட்டா. 'அப்பாவைக் கடைசியாத் தொட்டது நீங்கதானாமே, அவர் எப்படிச் சிரிப்பார்னு சொல்லுவீங்களா'ன்னு. வாம்மா, உங்கப்பா விமானத்தைக் கட்டி வைக்கறேன்னு பதில் எழுதிட்டேன்."

"எப்ப வராங்க?"

"நாளைக்கு."

நாளை ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக எழுபது வயது மனிதர் ஒருவர் நடுங்குவதைப் பார்ப்பது நல்ல காட்சி அல்ல.

ஜெனோவா எழுந்தாள். அலமாரியிலிருந்து தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் நாலைந்து எடுத்து வந்தாள். பல்லுக்கு உலோகம் நிறுக்கும் சின்னத் தராசின் ஒரு தட்டில் போட்டாள்.

பிறகு, கேட்காமலே அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்தாள்.

பெட்டியில் சின்னச் சின்ன அரங்கள், கத்தி, இடுக்கி, தூரிகைகள். எல்லாவற்றுக்கும் அடியில் சுட்டுவிரல் நீளத்தில் ஒரு பழைய ஸ்பேனர். பதினோரு மாதத்துக்கு முன்னால், முதல் நாளன்றே, பிளாஸ்டிக் வேலைக்கு ஸ்பேனர் எதற்கு என்று அவள் கேட்டிருந்தாள். அவர் பெட்டியை மூடிவிட்டார். அவள் மறுபடி கேட்கவும் இல்லை.

"அன்னிக்குப் பலகையில மாட்டினது இதுதானே?"

அவர் தலையசைத்தார்.

"பத்து நாள் கழிச்சுப் புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிட்டு இதை எடுத்துக்கிட்டேன். தூக்கிப் போட முடியலை."

அவள் ஸ்பேனரை மறு தட்டில் வைத்தாள். ஈயத்தில் ஒரு குண்டை எடுத்தாள். தட்டுகள் சமமாக நின்றன.

"எதை வச்சாலும் நிக்கும்," என்றாள்.

சிங்காரவேலு இரண்டையும் பார்த்தார்.

"ஈயம்னா?"

"பசை போட்டு மூக்குக்குள்ள பதிச்சிடலாம். அசையாது. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

"அது?"

"நீளமா இருக்கு, மூக்கு முனையில பதியாது. சும்மாதான் கிடக்கும். மூக்குக்கும் இருக்கைக்கும் நடுவுல தடுப்பு இருக்கு, பின்னால போகாது. ஆனா தூக்கினா ஆடும்."

"சத்தம் வருமே."

"வரும்."

"பொண்ணு கேட்பாளே."

ஜெனோவா தராசையும் பசையையும் அவர் பக்கம் தள்ளினாள். பல்செட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

வெளியே மின்சார ரயில்கள் வந்தன, போயின. அவர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று அவள் கணக்கு வைக்கவில்லை. ஒருமுறை அழுதது கேட்டது. ஒருமுறை, "கடவுளே, ஏன்டா என்னை அன்னிக்கே எடுத்துக்கலை," என்று அவர் சொன்னது கேட்டது. அவள் அரத்தை நிறுத்தவில்லை.

நாலு மணி வாக்கில் அறையில் பசை வாசனை வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சிங்காரவேலு வீட்டுக்கு நிருபமா வந்தாள். முப்பத்தெட்டு வயது. செருப்பை வாசலில் விட்டு, வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அப்பாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளாகிவிட்ட மகள். சிரித்தாள். ரகோத்தமன் எப்படிச் சிரிப்பார் என்று அவளுக்குச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

விமானம் மேஜையில் மூன்று சக்கரத்தில் நேராக நின்றது. முதுகில் ஒட்டிய கோடு தெரிந்தது. அதைத் தேய்த்து மறைக்க நேரமில்லை.

"அப்பா இங்கயா உக்காந்திருந்தார், அங்கிள்?"

"அங்கதாம்மா."

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் காலி இருக்கை. நூல்பெல்ட்.

"எடுத்துப் பாக்கலாமா?"

"உங்களுதும்மா அது."

அவள் இரண்டு கைகளாலும் தூக்கினாள். இருக்கையை நன்றாகப் பார்ப்பதற்காக மூக்கைத் தன் பக்கம் சாய்த்தாள்.

உள்ளே இரும்பு நகர்ந்து பிளாஸ்டிக்கில் இடித்தது.

அவள் விமானத்தைக் காதருகே வைத்து, பயந்து பயந்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், உள்ள ஏதோ கிடக்குதே. மூடும்போது விட்டுட்டீங்களா?"

சிங்காரவேலு எதிரே இருந்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

"ஆமாம்மா," என்றார். "விட்டுட்டேன். உக்காருங்க."