வீட்டுக்காரரான ராஜா

வெகு காலத்துக்கு முன்பு நெல்லூரணிச் சீமையைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டார். அவருக்குக் கோட்டை இருந்தது, கொத்தளம் இருந்தது. வாடகைக்கு விட ஒரு வீடு மட்டும் இருந்ததில்லை. தாய்மாமன் கண்ணை மூடியதும் கடைவீதி ஓட்டு வீடு ஒன்று கைக்கு வந்தது. அதில் வளையல் வியாபாரி முத்திருளனையும் நிறைமாதமாயிருந்த அவன் மனைவி பேச்சியையும் குடிவைத்தார்.

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைவார். அடுக்களைப் பானையைத் திறந்து பார்ப்பார். "சுவரில் ஆணி அடிக்காதே, என் சுவர்!" என்பார்.

ஒருநாள் முத்திருளன் சபைக்கே வந்து, "கூரை ஒழுகுது, மகாராஜா" என்றான். ராஜா விழித்தார். அமைச்சர் ஆதிமூலத்தைக் கண்டாலே ஆகாத சபைப் பிரபு அனந்தப்பர் முந்திக்கொண்டார்.

"ஒழுகினால் பாத்திரம் வைத்துக்கொள்ளட்டும். இடம் யாருடையதோ, அவர்கள் வைத்ததுதான் சட்டம். நினைத்த நேரத்தில் உள்ளே போகலாம். அமைச்சர் மறுப்பாரோ?"

"நான் ஏன் மறுக்கிறேன்? ஓலையில் எழுதி முத்திரை போட்டுவிடலாமே" என்றார் ஆதிமூலம். ராஜா மகிழ்ந்து முத்திரை போட்டார். முத்திருளன் தலைகுனிந்து நின்றான்.

"நாளைக்குக் காலி பண்ணிடுறோம், மகாராஜா."

"இந்த நிலைமையில் அவளை எங்கே கூட்டிப்போவாய்?" என்றார் ராஜா.

"சத்திரத்துக்கு. பேச்சிக்கு வலி எடுத்தா அங்கேயாவது கதவைத் தாழ் போட்டுக்கலாம்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ராஜா அல்லவா, போட்ட முத்திரையை மாற்றவில்லை.

மறுநாள் காலை கோவணத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது வேலம்மா உள்ளே வந்தாள். அரண்மனை இருக்கும் நிலத்தை அந்தக் காலத்தில் கொடுத்தது அவளுடைய ஆட்டிடையர் குடும்பம். வருஷந்தோறும் அறுவடை முடிந்ததும் ராஜா அவளுக்கு வெற்றிலைத் தட்டு கொடுப்பார். "எங்க இடம்தான், ராசா இருக்கலாம்" என்று அவள் சொன்ன பிறகே சிம்மாசனத்தில் உட்காருவார்.

"என்ன ராசா, இம்புட்டு எண்ணெயா? தரை என்னத்துக்கு ஆகும்?"

"அம்மா, நான் குளிக்கிறேன்!"

"குளிங்க, யாரு வேண்டாம்னா? நான் அடுக்களையைப் பார்த்துட்டு வாரேன். அமைச்சர் ஓலையைப் படிச்சுக் காட்டினாரு."

ராஜா போட்ட கூச்சலில் அமைச்சரும் அனந்தப்பரும் ஓடி வந்தார்கள். ஆதிமூலம் ஓலையை நீட்டினார். "இடம் வேலம்மாவுடையது. சட்டம் அனந்தப்பருடையது. முத்திரை தங்களுடையது, மகாராஜா."

"அது... சாதாரண ஜனங்களுக்கு..." என்று இழுத்தார் அனந்தப்பர்.

"ஓலையில் அப்படி இல்லையே."

எண்ணெய் கண்ணில் இறங்க, ராஜா புறங்கையால் துடைத்துக்கொண்டார். தினமும் தான் போய் நின்றபோது பேச்சி சுவரோரம் ஒதுங்கியது நினைவுக்கு வந்தது. பிறகு மெல்லக் கேட்டார்: "வேலம்மா, நான் துண்டு கட்டிக்கொள்ளலாமா?"

"கட்டிக்குங்க ராசா" என்று அவள் திரும்பி நின்றாள்.

குளித்த கையோடு ராஜா ஓலையைக் கிழித்துப்போட்டார். தன் முத்துமாலையை ஆதிமூலத்தின் கழுத்தில் போட்டார். அனந்தப்பரைக் கொத்தனோடு கடைவீதி வீட்டுக் கூரைமேல் ஏற்றினார். தானும் போய், வாசலில் நின்று கதவைத் தட்டினார்.

"முத்திருளா, கூரையைச் சரிசெய்ய ஆள் வந்திருக்கிறது. இனி கேட்காமல் வரமாட்டேன். உள்ளே வரலாமா?"

கட்டிய மூட்டையோடு முத்திருளன் திகைத்து நின்றான். உள்ளேயிருந்து பேச்சியின் குரல் வந்தது. "இப்ப வேண்டாம், மகாராஜா. படுத்திருக்கேன். சாயங்காலமா வாங்க."

"மகாராஜாவையே வாசலில் நிறுத்துகிறாளே!" என்று கூரையிலிருந்து பதறினார் அனந்தப்பர்.

"நீர் ஓட்டைப் பாரும்" என்றார் ராஜா. கதவுப் பக்கம் திரும்பி, "சரிம்மா, சாயங்காலம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அரண்மனைக்கு நடந்தார்.