ஏழாவது புதன்கிழமைக் கோழி

"எனக்குச் சமையல் வருமா வராதா, அத மட்டும் சொல்லிடுங்க மாஸ்டர்" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் வந்தார் குழந்தைவேலு.

ஜெசிந்தா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். குன்னூரில் எட்டே அறைகள் உள்ள ஒரு விருந்தினர் விடுதிக்கு அவள்தான் தலைமைச் சமையல்காரி. வயது முப்பத்துநாலு. கேட்டவருக்கு அறுபத்தொன்று. ஆனாலும் பாடம் கேட்க வந்த நாளிலிருந்து அவருக்கு அவள் மாஸ்டர்தான்.

"என்ன ஆச்சு சார்?"

"போன புதனும் கொட்டிட்டேன்."

"ஆறாவது கோழியா?"

"ஆறாவது."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இவர் வீட்டில் உப்புள்ள பண்டமும் குப்பைக்குத்தான் போனது.

மனிதர் முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கம்பெனியில் டீ டேஸ்டராக இருந்தவர். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. உறிஞ்சுவார், வாயில் உருட்டுவார், துப்புவார், குறையைச் சொல்வார். குறை சொல்லத்தான் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நாக்கை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

போன வருஷம் கல்யாண நாளன்று மனைவி சுலோசனாவை இந்த விடுதிக்கு அழைத்துவந்திருந்தார். கோழி, அதன்மேல் ரோஸ்மேரி, தைம் என்ற வாசனை இலைகள் போட்ட க்ரீம் சாஸ், பக்கத்தில் ஓவனில் வாட்டிய கேரட்டும் உருளையும் பீன்ஸும். சுலோசனா ரொட்டியால் தட்டைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். அந்த முகத்தை வீட்டில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வேறு ஒன்றுமில்லை.

சுலோசனா ஆஸ்பத்திரியில் நர்ஸ். புதன்கிழமைகளில் அவளுக்கு வேலை முடிய ஏழாகும். அன்றைய இராச்சாப்பாடு தன் பொறுப்பு என்று குழந்தைவேலு அறிவித்தார். ஆறு புதனும் அவள் பசியோடு வந்தாள். ஆறு புதனும் சாஸில் ஏதோ ஒரு குறை, அவள் வருவதற்குள் கோழி குப்பைக் கூடைக்குள். வந்தவளுக்கு பன்னும் டீயும்.

"இனிமே புதன்கிழமை கேன்டீன்லயே சாப்டுட்டு வந்துடறேங்கறா மாஸ்டர்" என்றார். "இன்னைக்கு புதன்."

ஜெசிந்தா அடுப்பைக் காட்டினாள். "இங்க ஒருக்கா பண்ணுங்க. பாக்கறேன்."

பண்ணினார். கை சுத்தமான கை. கோழித் தொடை பொன்னிறமாக வந்தது. பூண்டு கருகவில்லை. க்ரீம் ஊற்றினார், இலைகளை உதிர்த்தார், கரண்டியில் எடுத்து 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். கண்ணை மூடி உருட்டினார். தொட்டியில் துப்பினார்.

"தைம் ஒரு இலை கூட. பின்னால லேசா ஒரு கசப்பு." சட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பைக் கூடையைத் தேடினார்.

ஜெசிந்தா சட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள். நாலு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

குழந்தைவேலு பக்கத்திலேயே நின்றார். "எப்படி இருந்துச்சு மாஸ்டர்?"

"நான் மத்தியானம் சாப்பிடல சார்."

"அதில்ல. குறை என்னன்னு..."

அவள் எழுந்து சட்டியைக் கழுவினாள். "மணி என்ன?"

"நாலரை."

"வீட்டம்மாவுக்கு போன் போடுங்க. கேன்டீன்ல சாப்பிட வேணாம்னு சொல்லுங்க. கோழியும் காயும் பண்ணி வைங்க. சாஸ மட்டும் அவங்க வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிங்க."

"வந்ததுக்கு அப்புறமா? பசியோட வர்றவள நிக்க வெச்சுக்கிட்டா?"

"ஆமா. அதுவரைக்கும் நீங்களும் பச்சத் தண்ணியத் தவிர எதையும் வாயில வைக்கக் கூடாது."

"ருசி பாக்கக்கூடவா?"

ஜெசிந்தா மறுபடி பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் நின்று போன் செய்தார்.

"சுலோ, நான் சமைக்கறேன். கேன்டீனுக்குப் போயிடாத."

"பன்னா, பிஸ்கட்டா?"

"கொட்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியம்" என்றார். சொன்ன பிறகு பயம் வந்துவிட்டது.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தாள் சுலோசனா. தூறலில் பாதி நனைந்திருந்தாள். ஓவனிலிருந்து வந்த வாசம் வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"என்னங்க, இன்னும் ஆகலையா? உயிர் போகுது பசி."

"அஞ்சு நிமிஷம்." அவருக்கும் வயிறு கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது.

அவள் நிற்கிறாள் என்ற பதற்றத்தில் தீயை ஏற்றிவிட்டார். க்ரீம் ஊற்றியதும் ஓரமெல்லாம் திரிதிரியாகப் பிரிந்தது. முப்பத்தாறு வருஷ நாக்குக்கு இதைச் சுவைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்த்தாலே தெரிந்தது. கை தானாகச் சட்டியின் பிடிக்குப் போனது.

அதற்குள் சுலோசனா ஒரு கேரட்டை எடுத்து அதில் முக்கி வாயில் போட்டுவிட்டாள்.

"ஆ, ஆ, சுடுது!" வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதினாள். ஊதிக்கொண்டே இன்னொரு கேரட்டை முக்கி அவர் வாயில் திணித்தாள்.

குழந்தைவேலு பழக்கத்தில் உருட்ட ஆரம்பித்தார். நெருப்பாகச் சுட்டது. துப்பத் தொட்டிப் பக்கம் திரும்பினார். ஒரு கையில் பையும் மறு கையில் உருளைக்கிழங்குமாகச் சுலோசனா வழியை மறித்து நின்றாள். அவர் கன்னம் உப்பியிருந்த கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் கேரட் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தட்டு எடுத்தார்களா என்பதே சந்தேகம். அடுப்பு மேடையோரம் நின்றபடியே கோழி தீர்ந்தது, காய் தீர்ந்தது, கடைசி ரொட்டித் துண்டுக்கு இருவரும் கொஞ்சம் சண்டைகூடப் போட்டார்கள். வீடு இவ்வளவு சத்தமாக இருந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

மறுநாள் காலையில் குழந்தைவேலு விடுதிக்கு வந்தார். ஜெசிந்தா முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாஸ் எப்படி சார் இருந்துச்சு?"

குழந்தைவேலு யோசித்துப் பார்த்தார்.

"சுலோவோட மூக்கு நுனியில ஒட்டிக்கிட்டிருந்துச்சு மாஸ்டர்" என்றார். "அவ படுக்கப் போற வரைக்கும் நான் சொல்லவே இல்ல."