சர்வர் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் சர்வர்களுக்கு வாய் இருந்தது. கணினித் திரையில் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டினால் போதும். விழித்துக்கொண்டு, செய்வதையெல்லாம் சொல்லிச் சொல்லியே வேலை பார்க்கும். ஆனால் அந்த ஜன்னலில்தான் அதன் உயிர் இருந்தது. மூடினால் முடிந்தது கதை.

முத்துக்கடவு மீன்பிடித் துறைமுகத்தில், கடலில் இருக்கும் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் சர்வரைச் சலேத்மேரி பார்த்துக்கொண்டாள். தினமும் காலையில் அவள்தான் அதை எழுப்புவாள்.

"சலேத்தக்கா, எல்லாப் படகுக்கும் சேதி போயிட்டு!" என்று அது உற்சாகமாகச் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டால்தான் அவளுக்கு வேலையே ஓடும்.

ஓர் ஐப்பசி மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். கடிதம் அச்செடுக்க வந்த எழுத்தர் பிச்சுமணி, "இது என்ன இடைஞ்சல்?" என்று கறுப்பு ஜன்னலை மூடிவிட்டுப் போனார்.

சலேத்மேரி திரும்பியபோது வடக்கே வானம் கருத்துக் கிடந்தது. திரையில் ஜன்னலைக் காணோம். பதறிப்போய்க் கட்டளையைத் தட்டினாள்.

"அக்கா, அரை மணி நேரமா எனக்கு ஒண்ணுமே தெரியலியே!"

"பேசாத. மொதல்ல சேதிய அனுப்பு!"

அனுப்பியது. பொழுது சாய்வதற்குள் படகுகள் கரையேறின, ஒன்றைத் தவிர. அது அவள் தம்பி வியாகுலத்தின் படகு. கவிழ்ந்த படகைப் பிடித்து மிதந்த அவனையும் மூன்று பேரையும் பக்கத்துப் படகு தூக்கி வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த தம்பிக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, அவள் நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"ஒன்னய பின்னணியில தானா ஓடுற சர்வீஸா மாத்தப் போறேன். மெஷின் எழும்பும்போதே நீயும் எழும்பிருவ. நான் வரணும்னு இல்ல. ஜன்னலே கெடையாது, யாரும் மூட முடியாது."

"அப்ப நான் பேசுறது?"

"ஜன்னல் இல்லாம எங்க பேசுவ? சொல்ல வேண்டியத ஒரு கோப்புல எழுதி வையி. நான் வந்து படிச்சிக்கிடுதேன்."

சர்வர், "மாத்திருங்கக்கா. கடல்ல ஆளு இருக்கு," என்றது.

அவள் மாற்றினாள். குரல் நின்றது. திரைக்குப் பின்னால் எச்சரிக்கைகள் போய்க்கொண்டே இருந்தன.

சர்வர்கள் யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் ஓடுவதும், நடந்ததை வாய் திறக்காமல் கோப்பில் எழுதி வைப்பதும் அன்று தொடங்கியதுதான். புதிதாக வந்த சர்வருக்கும், நோவு கண்ட சர்வருக்கும் மட்டும் இன்றைக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து விடுகிறார்கள், எங்கே வலிக்கிறது என்று அது வாய்விட்டுச் சொல்லட்டும் என்று.