தோள் உயரச் சக்கரம்

"ஏறுறப்ப எல்லாரும் சொந்தம்டா சடையா, ஏத்தத்துல..." என்று அப்பா ஒரு சொல் சொல்வார். ஏற்றத்தில் டயர்தான் சொந்தம் என்று முடியுமா, பிரேக்குதான் சொந்தம் என்று முடியுமா, கரடி சடையனுக்கு நினைவில்லை. காட்டை விட்டுப் போய் அத்தனை காலம் ஆகியிருந்தது.

அந்தக் காடு மலைக்கு இந்தப் பக்கம் இருந்தது, குழந்தைகளே. அதில் ஓர் ஓடை. கடுங்கோடையில் ஓடை சேறாகிவிடும். நடக்க முடிந்தவர்கள் மலை தாண்டி மறுபக்கத்து மடுவுக்குப் போய்விடுவார்கள். முடியாதவர்களை ஏற்றிச் செல்ல ஒரு வேன் இருந்தது. சடையனின் அப்பா ஓட்டிய வேன். அவர் இறந்த பிறகு அது புங்க மரத்தடியில் நின்றது நின்றபடியே கிடந்தது. பின்னால் வந்த கோடைகளில் ஓடை எப்படியோ தாங்கியது. இந்தப் பங்குனியில் தாங்கவில்லை.

அப்போதுதான் சடையன் திரும்பி வந்தான். தூரத்துக் காடொன்றில் வேறு பாஷை பேசி, வேறு தேன் தின்று, காதோரம் நரைத்து வந்திருந்தான்.

நிறைசினையாக இருந்த மான் புள்ளி மூச்சு வாங்க அவனிடம் வந்தாள்.

"அண்ணே, ஓடையில நாக்கு நனைக்கக்கூட தண்ணி இல்ல. இன்னைக்கோ நாளைக்கோ எனக்கு வலி வந்துடும். மடுவுக்குக் கொண்டுபோய் விடுறீங்களா?"

"அப்பா வண்டி இருக்கும்மா. டயர் மாத்தினா ஓடும். கவலைப்படாதே."

புங்க மரத்தடிக்குப் போய்ப் பார்த்தான். நான்கு டயர்களும் வெடித்துச் சப்பையாகி, பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. எந்த அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் சடையன் எதையும் அளக்கவில்லை. அவனுக்குத்தான் தெரியுமே!

அந்த நாளில் அப்பா போல்ட் முடுக்கும்போது அவன் டயரில் சாய்ந்துகொண்டு நிற்பான். டயரின் மேல்விளிம்பு சரியாக அவன் தோளுக்கு வரும். வெயிலில் சூடேறிய ரப்பர் கன்னத்தில் படும். "தள்ளி நில்லுடா, கை நசுங்கிடப் போகுது" என்பார் அப்பா. அவன் தள்ளி நிற்க மாட்டான். எத்தனையோ வருடம், தூரத்துக் காட்டில் தூக்கம் வராதபோதெல்லாம், மனதுக்குள் அந்தச் சக்கரத்தில்தான் சாய்ந்து தூங்கியிருந்தான்.

மலையடிவாரத்தில் டயர் கடை வைத்திருந்தது நரி.

"வாங்கண்ணே! வெளியூர்ல இருந்து வந்திருக்கீங்க, சாதாரணமா எதையாச்சும் போடுவீங்களா? எந்த அளவு வேணும்?"

"தோள் உயரம். அப்பா வண்டிக்கு அதுதான்."

நரி அவன் தோளை அண்ணாந்து பார்த்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தது. முகத்தில் இருந்த ஏக்கம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

"தோளுக்குன்னா யானை வண்டிக்குத்தான் வரும். இடுப்பு உயரத்துல ரிம்மோட நாலு இருக்கு. மின்னும் பாருங்க! அப்பா காலத்துக் கம்பீரம் அப்படியே வரும்."

"வண்டிக்குப் பொருந்துமா?"

"போல்ட் துளை பொருந்துதான்னு மாட்டிப் பார்ப்போம். துளை பொருந்திட்டா அப்புறம் என்ன?"

புங்க மரத்தடிக்கு உருட்டிப்போய் மாட்டினார்கள். துளை பொருந்தியது. வேன் கொக்கு மாதிரி நிமிர்ந்து நின்றது. யாரையும் ஏற்றாமல், நேர் பாதையில் போய்த் திரும்பி வரச் சொன்னது நரி. வேன் குலுங்காமல் ஓடியது. சடையன் ஹாரனை அமுக்கினான். அதே பழைய ஹாரன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஏற்றினான். முன்சீட்டில் புள்ளி. பின்னால் ஓட்டுத் தாத்தா என்னும் கிழட்டு ஆமையும், கால் பிசகிய முள்ளம்பன்றி ஈட்டியம்மாவும். இவர்களோடு வழிக்குத் தீனி மூட்டைகள் வேறு.

"ஏன் தம்பி, ஏணி வச்சு ஏறணும்போல இருக்கே. உங்கப்பன் காலத்துல நான் தாவி ஏறுவேன்" என்றாள் ஈட்டியம்மா.

"அப்போ உங்களுக்கு வயசு கம்மி அத்தை."

"எனக்கு மட்டும்தானாக்கும்!"

வேன் மலையேறியது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. சடையன் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தான். கரக்! பாரத்தில் வேன் அமுங்கியிருந்தது. பெரிய டயர் மட்கார்டில் உரசி, அதற்கு மேல் திரும்ப மறுத்தது. பாதை வலப்புறம் வளைய, வேன் நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது.

"அண்ணே!" என்று அலறினாள் புள்ளி.

சடையன் பிரேக்கின் மேல் ஏறி நின்றான் என்றே சொல்ல வேண்டும். பாதை விளிம்பில் வேன் நின்றது. மட்கார்டு விளிம்பு கிழித்த டயரிலிருந்து காற்று சீறிக்கொண்டு போனது.

எல்லோரும் மெதுவாக இறங்கினார்கள். சடையன் பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, வேனுக்கு அடியில் புகுந்தான். அங்கே சங்கிலியில் ஸ்டெப்னி தொங்கியது. அப்பா கட்டிய சங்கிலி. வெயில் படாமல் இருந்ததால் டயர் வெடிக்கவில்லை, காற்றும் கொஞ்சம் நின்றிருந்தது. உருட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அது அவன் தொடைக்குத்தான் வந்தது.

"இது வேற வண்டியோடது" என்றான்.

"இந்தக் காட்டுல வேற வண்டி ஏது? உங்கப்பன் அதைத்தான் மாத்தி மாத்திப் போட்டு ஓட்டுவான்" என்றாள் ஈட்டியம்மா.

டயரை மாட்டி, போல்ட் முடுக்கக் குந்தினான் சடையன். குந்தியதும் டயரின் மேல்விளிம்பு தோளுக்கு வந்தது. ரப்பர் வாசனை வந்தது. மெல்லச் சாய்ந்து பார்த்தான். கன்னம் பழைய இடத்திலேயே பட்டது.

போல்ட்டை முடுக்கிவிட்டுத் திரும்பினான்.

"அத்தை, அப்பா வண்டி ஓட்டுனப்போ நான் எவ்வளவு உயரம் இருப்பேன்?"

"நீயா? டயருக்குப் பின்னால நின்னா உன் தலை மட்டும்தான்டா தெரியும்."

ஒரு சக்கரம் சிறிது, மூன்று பெரிது. அதோடு மலையேற முடியாது. ஒரு பக்கம் சாய்ந்தபடி, பின்னோக்கியே ஊர்ந்து அடிவாரத்துக்கு இறங்கினார்கள்.

"இந்த வேகத்துக்கு நானே நடந்திருப்பேன்" என்றது ஓட்டுத் தாத்தா.

கடை வாசலில் நரி காத்திருந்தது. நடந்ததைக் கேட்டதும் கொஞ்சமும் கலங்கவில்லை.

"இது ஒரு விஷயமாண்ணே? மட்கார்டு விளிம்பை வெட்டி எடுத்துடுறேன். சக்கரம் தாராளமா சுத்தும். கிழிஞ்ச டயருக்கும் அதே அளவுல இன்னொண்ணு தர்றேன். இவ்வளவு அழகை விட்டுட்டு அந்தப் பொடி டயரையா போடுவீங்க? அப்பா வண்டி கம்பீரமா நிக்க வேணாமா?"

சடையன் வண்டியைப் பார்த்தான். மூன்று பெரிய சக்கரங்களும் வெயிலில் மின்னின. முன்சீட்டில் புள்ளி கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வலி விட்டு விட்டு வருது" என்றாள்.

நரி ரம்பத்தை எடுத்து வந்தது.

சடையன் அதை வாங்கி ஓரமாக வைத்தான். பெரிய சக்கரங்களைக் கழற்றிப்போட்டு, ஸ்டெப்னியின் அளவிலேயே நான்கு டயர்களை எடுத்து மாட்டி, மலையேறினான்.

நீதி: சிறு வயதில் எடுத்த அளவைப் பெரிய வயதில் ஒருமுறை அளந்து பார்.