கீரைப் பாத்தியில் ஓர் ஊசி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் தையல் வகுப்பு எடுத்த மரியபுஷ்பம் ஆசிரியை. அவர் சொன்ன முறையிலேயே சொல்கிறேன். கதைக்குப் பூச்சு வேலை அவருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பெண் துறவியர் வாழ்ந்த சிறு மடம் ஒன்று இருந்தது. அதன் குரு உலகம்மை. சீடருள் மூத்தவள் காந்திமதி. அவள் வயதில் குருவைவிடவும் மூத்தவள். ஆகவே காந்திமதி குருவை 'அம்மா' என்றாள். குரு அவளை 'அக்கா' என்றார். அதில் எவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

மடத்தின் ஊசிகள் குருவின் பொறுப்பில் இருந்தன. காலையில் அவரிடம் கேட்டு, பஞ்சுப்பையிலிருந்து ஊசியை எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் விளக்கு ஏற்றும் முன் மீண்டும் அதில் குத்திவிட வேண்டும். விளக்கு வைத்தபின் ஊசி கைமாறக் கூடாது. அன்று திருப்பித் தராதவள் மறுநாள் துணியைத் தொடவும் கூடாது.

அந்த ஆண்டுக் கோடை ஒரு நிலையில் நில்லாத கோடை. காலையில் கல் சுடும். உச்சி சாயும் முன் சாரல் இறங்கும். குடையைத் தேடி எடுப்பதற்குள் மறுபடி வெயில் அடிக்கும். வைகாசி விசாகம் நெருங்கிக்கொண்டிருந்தது. முருகன் சந்நிதிக்கு மயில் தைத்த புதுத் திரைச்சீலை வேண்டும். அடியார்க்கு இடும் அன்னத்துக்குத் தோட்டத்துத் தண்டுக்கீரை வேண்டும்.

"இரண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் காந்திமதி.

சமையற்கட்டிலிருந்து, மடத்துச் சமையல் பார்த்த பேச்சியம்மாள் சிரித்தாள். "ஏளா, உனக்கு என்ன, கை நாலா? உள்ள இருக்க வேலவருக்குப் பன்னிரண்டு கை. அவரே களை பறிக்க வாரதில்ல."

"வேலை தெரிந்த கை என்றால் இரண்டு போதும்."

அது வெற்றுப் பேச்சன்று. திரைச்சீலையின் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோல் இருந்தன. ஒரு முடிச்சையாவது கண்டுபிடிப்பேன் என்று பேச்சியம்மாளே துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தோற்றாள். வெயில் அடித்தால் காந்திமதி துணியின்முன் அமர்ந்தாள். மேகம் கறுத்தால் பாத்திக்கு ஓடினாள். கீரையும் வளர்ந்தது, தோகையும் விரிந்தது.

விசாகத்துக்கு முந்தைய நாள் மயிலின் கண் ஒன்றே மீதி இருந்தது. அவள் ஊசியை எடுத்து நூல் கோக்குமுன் சாரல் இறங்கியது. துணியைச் சுருட்டி உள்ளே வைத்தாள். ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். தேங்கிய நீருக்கு வாய்க்கால் வெட்டினாள். மண் இளகியிருக்கும்போதே களையும் பறித்தாள். வெயில் திரும்பியது, அவளும் திரும்பினாள்.

முந்தானையில் ஊசி இல்லை.

எவரும் பார்க்கவில்லை. காந்திமதி முந்தானையை உதறிப் பார்த்தாள். பேச்சியம்மாள் அரிவாளும் கூடையுமாகத் தோட்டத்தில் இறங்கினாள்.

"பேச்சி, கீரையில் கை வைக்காதே. என் ஊசி உள்ளே கிடக்கிறது."

"ஊசியா? நாளைக்கு ஊர்ச்சனமெல்லாம் பந்தியில உக்காரப் போகுது. ஊசியப் போட்டுக் கடைஞ்சு ஊத்தவா?" பேச்சியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொல்லாம இருந்திருந்தா யாரு கண்டா?"

"நான் கண்டேன்."

காந்திமதி நேரே குருவிடம் சென்றாள்.

"அம்மா, மயிலுக்குக் கண் வைக்கவில்லை. கீரை அறுக்க முடியவில்லை. ஊசி பாத்தியில் கிடக்கிறது. கோடை ஒழுங்காக இருந்திருந்தால் இரண்டையும் முடித்திருப்பேன். வெயிலை நம்பினால் மழை வருகிறது. மழையை நம்பினால் வெயில் வருகிறது. இத்தகைய பருவத்தில் ஒருத்தி எதைப் பிடிப்பது, எதை விடுவது?"

உலகம்மை எழுந்தார். சேலையை வரிந்துகொண்டு தோட்டத்தில் இறங்கினார்.

முதற்பாத்தியின் வரப்பில் நடந்தார். கீரை சீராக நின்றது; ஒரு களையும் இல்லை.

"இங்கே இல்லை."

"குனிந்துகூடப் பார்க்கவில்லையே, அம்மா?"

அடுத்த பாத்தியும் அவ்வாறே இருந்தது. உலகம்மை நிற்காமல் கடந்தார். கடைசிப் பாத்தியில், பாகற்பந்தலின் ஓரத்தில் நின்றார். அங்கே குப்பைமேனி செழித்து நின்றது. தண்டுக்கீரை வேரோடு பிடுங்கப்பட்டு, வேர்கள் எல்லாம் ஒரே பக்கமாக, மிக அழகாக அடுக்கப்பட்டிருந்தது.

பேச்சியம்மாளால் பொறுக்க முடியவில்லை. "களைய வளர விட்டுட்டுக் கீரையப் பிடுங்கிருக்கா, மகராசி! அடுக்கு மட்டும் குறையில்ல!"

காந்திமதியின் முகம் சிவந்தது.

"இங்கே பறித்தபோது எங்கே இருந்தீர்கள், அக்கா?"

"மயிலின் கண்ணில்."

"அப்படியானால் இங்கே தேடுவோம்."

மூவரும் சேற்றில் மண்டியிட்டனர். ஈரமண்ணை விரல்களுக்கிடையே நசுக்கி நசுக்கிப் பார்த்தனர். அந்த அழகிய அடுக்கின் அடியில் ஊசி கிடந்தது. பேச்சியம்மாள் மற்றப் பாத்திகளில் கீரை அறுக்கத் தொடங்கினாள்.

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"அம்மா, விளக்கு வைக்கும் நேரம். ஊசியைத் தந்துவிட்டால் நாளை மயில் குருடாகத் தொங்கும். தைக்க உட்கார்ந்தால் ஊசி நேரத்துக்கு வந்து சேராது. இப்போது எதை..."

உலகம்மை தம் பாதங்களைப் பார்த்தார். கணுக்கால்வரை சேறு.

"விளக்கை ஏற்றுபவள் நான். சேற்றுக் காலோடு ஏற்ற மாட்டேன்."

அவர் கிணற்றடிக்கு நடந்தார். மெதுவாகவே நடந்தார்.

காந்திமதி கைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். சன்னலோரம் அமர்ந்து கருநூலைக் கோத்தாள். வானம் இருண்டது. ஓட்டின்மேல் மழை கொட்டியது.

"ஏளா, பாத்தியில தண்ணி நிக்குது!" என்று வெளியிலிருந்து கூவினாள் பேச்சியம்மாள்.

பதில் இல்லை.

"காது போச்சா உனக்கு?"

காந்திமதியின் ஊசி நிற்கவில்லை. பேச்சியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியைத் தானே எடுத்தாள்.

கடைசித் தையல் இறங்கியது. காந்திமதி நூலை அறுத்தாள். ஊசியைப் பஞ்சுப்பையில் குத்தினாள். எழுந்து திரைச்சீலையை விரித்துப் பிடித்தாள். மயில் அவளைப் பார்த்தது. அவளும் தலை தாழ்த்தாமல் அதைப் பார்த்தாள்.

உலகம்மை கால் கழுவி வந்தார். அவர் தலையிலிருந்து நீர் சொட்டியது. திரைச்சீலையின் முன்புறத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார்.

"மழை பலமா, அக்கா?"

"மழையா, அம்மா?"

காந்திமதி அப்போதுதான் வாசற்பக்கம் திரும்பினாள். முற்றத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. 

உலகம்மை பஞ்சுப்பையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தீக்குச்சியை உரசினார்.

"கொடுத்தது ஓர் ஊசி" என்றார். திரி பற்றும்வரை காத்திருந்தார். "வந்தது ஓர் ஊசி."