அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

குலசேகரன் மலை மேலிருந்த மடத்துப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். வெளியுறவுத் துறை அதிகாரி. வயது ஐம்பத்து மூன்று. மேலே வந்ததும் மூச்சு வாங்கியது. ஆனாலும் உட்காரவில்லை.

சமையற்கட்டின் பின்வாசலில் அடிகள் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் குலசேகரனைவிட நான்கு வயது இளையவர். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குலசேகரன் அவரைச் சாமி என்றுதான் அழைக்கிறார். அழைக்கும்போதெல்லாம் இன்னும் ஒரு சிறு கூச்சம் வரும்.

"வாங்க. சுளை எடுக்க ஒரு கை குறையுது" என்றார் அடிகள்.

"மாலை ஆறு மணிக்குக் கையெழுத்து, சாமி. சீக்கிரம் போகணும்."

"இப்ப மணி பன்னிரண்டுதானே? கையில எண்ணெய் தடவிக்குங்க."

எண்ணெய் சட்டையில் பட்டுவிடும் என்று குலசேகரன் தடவவில்லை. வெறுங்கையால் ஒரு துண்டத்தைப் பிரித்தார். பிசின் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"கேட்க வந்ததைக் கேளுங்க" என்றார் அடிகள்.

குலசேகரன் எழுந்தார். கிணறுவரை நடந்தார். திரும்பி வந்தார்.

"ஒரு தூர தேசத்தோட பேச்சுவார்த்தை. நான்தான் நம்ம குழுவுக்குத் தலைவர். நம்ம ஆட்கள் பத்தொன்பது பேர், கப்பல் மாலுமிகள், அங்கே சிறையில் இருக்காங்க. ஒரு வருஷமா. எல்லை தாண்டினாங்கன்னு வழக்கு. இன்னிக்குக் கூட்டறிக்கையில் கையெழுத்தானா நாளைக்கே விமானம் ஏத்தறாங்க."

"நல்ல செய்திதானே?"

"அறிக்கையில ஒரு பெயர் இருக்கு. லெயா தமூரி. அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை. தேர்தல்ல ஓட்டு எண்ணப் போனவங்க. எண்ணி முடிச்சதும் வேற ஒரு கணக்கைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காங்க. போடலை. அன்னிக்கே பிடிச்சுட்டாங்க. ஏழு மாசம் ஆச்சு. அவங்களை விடுதலை செய்யணும்னு நம்ம பக்கத்து வாசகம். அதை எடுத்தாத்தான் அந்த அரசு கையெழுத்துப் போடும்."

குலசேகரன் பையிலிருந்து தாளை எடுக்கப் போனார். விரல் ஒட்டியது. அடிகளே எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"பெயரைச் சுத்தி இது என்ன, பெட்டி மாதிரி?"

"சதுர அடைப்புக்குறி. ரெண்டு பக்கமும் ஒத்துக்காத வார்த்தைகளை அதுக்குள்ள வைப்போம். கடைசி நாள்ல அடைப்புக்குறி போயிடும்."

"பெயர்?"

"பெரும்பாலும் அதோட சேர்ந்து போயிடும்."

அடிகள் சிரித்தார். "சக்கையோட சுளையும் போற மாதிரி."

குலசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பத்தொன்பது பேரா, ஒரு ஆளா? அதுதான் கேள்வி, சாமி. மூணு நாளாத் தூக்கம் இல்லை."

"இந்தப் பெயரை உள்ளே வச்சது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு வச்சீங்க?"

குலசேகரன் மறுபடி கிணறுவரை நடந்தார். இந்த முறை திரும்பி வரச் சற்று நேரமானது.

"எடுக்கறதுக்கு" என்றார்.

அடிகள் அடுத்த துண்டத்தை எடுத்தார்.

"எல்லாரும் செய்யறதுதான், சாமி. விட்டுக்கொடுக்க நம்ம கையில ஏதாவது இருக்கணும். இல்லேன்னா எதைக் கொடுத்துப் பத்தொன்பது பேரைக் கேட்கறது? அவங்களுக்கு உறுத்தற மாதிரி ஒரு பெயர் வேணும். உலகத்துல அப்படிப் பெயருக்கா பஞ்சம்? கைதிகள் பட்டியல்ல பார்த்து எடுத்தேன். அது வேலையும் செஞ்சுது."

"அப்படின்னா எல்லாம் நினைச்சபடியே நடந்திருக்கு. தூக்கம் ஏன் போச்சு?"

குலசேகரன் சட்டைப் பையைக் காட்டினார். அதில் ஒரு கடிதம் இருந்தது. அறிக்கையின் வரைவு எப்படியோ ஒரு பத்திரிகைக்குப் போய்விட்டது. லெயாவின் தாய் அதைப் படித்திருக்கிறார். யாரையோ கொண்டு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். அடிகள் மெதுவாகப் படித்தார்.

எங்களைத் தெரியாத ஒரு நாடு என் மகளின் பெயரைச் சொல்கிறது. இந்த ஏழு மாதத்தில் நேற்றுத்தான் வீட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்தோம்.

அடிகள் கடிதத்தை மடித்தார்.

"பதில் எழுதியாச்சா?"

"இல்லை."

அடிகள் உள்ளே போய் நாலைந்து வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் கொண்டுவந்து வைத்தார். குலசேகரன் அரிவாள்மணைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார்.

தங்கள் கடிதம் கிடைத்தது. இவ்விஷயத்தை எமது அரசு தொடர்ந்து உன்னிப்பாகக் கவனித்து வருகிறது.

"யாருக்கு இது?"

"யாருக்கு வேணும்னாலும் போகும். அப்படித்தான் எழுதுவோம்."

அடிகள் அந்தத் தாளால் அரிவாளில் இருந்த பிசினைத் துடைத்தார். "தாள் நல்ல தாள்" என்றார்.

இரண்டாவது கடிதம் நீளமாக வந்தது. பேச்சுவார்த்தையின் சிக்கல்கள், பரந்த நலன், பொறுமை. அடிகள் பாதியில் நிறுத்தினார்.

"இதுல அந்தப் பொண்ணு எங்கே?"

குலசேகரன் பேனாவைக் கீழே போட நினைத்தார். அது விரலை விட்டு வரவில்லை. சட்டென்று குரல் உயர்ந்தது.

"அந்தப் பத்தொன்பது பேருக்கும் அம்மா இல்லையா? கப்பல் சமையல்காரன் ஒருத்தன். அவன் பொண்டாட்டி வாரா வாரம் எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கறா. அவளுக்கு நான் என்ன சொல்ல? நீங்க மலை மேல உட்கார்ந்துக்கிட்டுப் பலாப்பழம் அறுக்கறீங்க. எதை எழுதினாலும் துடைச்சுப் போடறீங்க. கீழே யாராவது ஒருத்தன் கையெழுத்துப் போட்டுத்தானே ஆகணும்?"

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இதையும் எழுதுங்க" என்றார் அடிகள்.

கைபேசி ஒலித்தது. அமைச்சர் அலுவலகம். குலசேகரன் ஒட்டும் விரலால் திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். அழைப்பு நின்றுவிட்டது.

"தேங்காய் எண்ணெய் அங்கே இருக்கு" என்றார் அடிகள்.

குலசேகரன் இப்போது எண்ணெயை எடுத்தார். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். நேரம் பிடித்தது. பிறகு மூன்றாவது தாளை எடுத்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். கொடுக்கவில்லை. தானே வாசித்தார்.

"அம்மா, உங்கள் மகளின் பெயரை அறிக்கையில் சேர்த்தவன் நான். அவரை எனக்குத் தெரியாது. எடுப்பதற்காகவே சேர்த்தேன். எடுத்தால் எங்கள் ஆட்கள் பத்தொன்பது பேர் வீடு திரும்புவார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி வாரா வாரம் என் அலுவலக வாசலில் நிற்கிறார். இன்று மாலை உங்கள் மகளின் பெயரை எடுக்கப்போகிறேன்."

கீழே தன் பெயரை முழுதாக எழுதினார். பதவியை எழுதவில்லை.

அடிகள் கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். பலாப்பழத்தின் மேல் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. அவர் விரட்டவில்லை.

"இதுல பொய் இல்லை, சாமி."

"இல்லை."

"சரியா, தப்பா? அதைச் சொல்லுங்க."

அடிகள் கடிதத்தை வாங்கி உறையில் போட்டு, தாயின் கடிதத்தைப் பார்த்து முகவரியை எழுதினார். உறையை நீட்டினார். குலசேகரன் வாங்கிக்கொண்டார். படிவரை போனவர் நின்றார்.

"இதைக் கையெழுத்துக்குப் பிறகு தபால்ல சேர்த்துடறேன், சாமி. இன்னிக்கு ஆயிரம் வேலை."

"தபால் ஆபீஸ் அடிவாரத்துலயே இருக்கு" என்றார் அடிகள். "நாலு மணிவரைக்கும் திறந்திருக்கும். முதல்ல இதைப் போடுங்க. போட்ட பிறகும் கை வந்தா, ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடுங்க."